கிளிநொச்சியில் வீட்டோடு ஒரு நீச்சல் தடாகம்: அனுமதியும் பாதுகாப்பும்

டொரன்டோவில் இருக்கும் தம்பி கேட்டது இதுதான். கிளிநொச்சியில் அப்பாவின் காணியில் வீடு கட்டுகிறார்கள். பின்வளவில் 26 அடி நீளம், 13 அடி அகலத்தில் ஒரு நீச்சல் தடாகமும் வேண்டுமாம். பிரதேச சபையில் தனி அனுமதி எடுக்க வேண்டுமா, வேலி அவசியமா, கிணற்றுத் தண்ணீர் காணுமா, அடுத்த ஆவணி விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாமா?

அனுமதி வேண்டும், வேலியும் வேண்டும். தண்ணீர்க் கதை கொஞ்சம் நீளம், கீழே வருகிறேன். ஆனால் தம்பி கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வருடத்தில் நீங்கள் அங்கே இருக்கப்போவது ஒரு மாதம். மற்றப் பதினொரு மாதமும் அந்தத் தடாகத்தை யார் பார்ப்பது? வன்னியில் வெளிநாட்டுக்காரர் கட்டும் பூலுக்கு வரும் வில்லங்கம் முக்கால்வாசியும் ஆள் இல்லாத அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆகவே கீழே எழுதுவது எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முதலில் காணி. அப்பாவின் காணி சொந்தமாக உறுதி எழுதிய உறுதிக் காணியா, அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த பெர்மிட் காணியா? வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் போன்ற குடியேற்றத் திட்டப் பக்கம் என்றால் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்டோ அளிப்புப் பத்திரமோ இருக்கும். அப்படியானால் பிரதேச சபைக்குப் போக முதல் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போங்கள். பெர்மிட்டில் எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்குள் இந்த வேலை அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்பா காலமாகியிருந்தால் பின்னுரித்து, அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பது தீர்ந்திருக்க வேண்டும். அது தீராமல் போடும் விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். காணியில் ஒரு துண்டு வயலாகப் பதிவாகியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயல் நிலத்தை வேறு தேவைக்கு மாற்றக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் அரசு ஒதுக்கி வைத்த நிலம், காட்டு எல்லை இவற்றைக் கிராம அலுவலரோடு நேரில் நடந்து பார்த்து உறுதிப்படுத்துங்கள். வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு நிலத்தில் எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது கட்டட அனுமதி. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பகுதிக்குள் உங்கள் காணி இருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தில் அபிவிருத்தி வேலை என்பது நிலத்தின் மேலே கட்டுவது மட்டுமல்ல, நிலத்துக்குக் கீழே செய்யும் பொறியியல் வேலையும்தான். கூரை இல்லாத பூலுக்கு எதற்கு அனுமதி என்று கேட்கும் பாஸ்மாருக்கு இதைச் சொல்லுங்கள். பிரகடனப் பகுதிக்கு வெளியே என்றாலும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் இருக்கின்றன. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் விண்ணப்பம் போவது பிரதேச சபைக்குத்தான்.

வீட்டு பிளான் இன்னும் பாஸாகவில்லை என்றால் தடாகத்தையும் அதிலேயே கீறச் சொல்லுங்கள். பாஸாகிவிட்டதென்றால் திருத்திய வரைபடம் கொடுக்க வேண்டும். உறுதியின் அல்லது பெர்மிட்டின் பிரதி, நில அளவை வரைபடம், ஆதனவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் இவை எப்படியும் கேட்பார்கள். தடாகத்துக்கென்று வேண்டியது குறுக்குவெட்டு வரைபடம்: ஆழம், சுவர்த் தடிப்பு, கம்பி விவரம், கழிவுநீர் போகும் இடம், பம்ப் அறை, வேலி, கேற். கம்பி விவரத்தில் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். ஏ9 வீதிக்கோ பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கோ முகப்பு இருந்தால் கட்டடக் கோட்டை, அதாவது வீதிக்கு எவ்வளவு கிட்டக் கட்டலாம் என்பதை, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இதே யோசனை உள்ளவர்களுக்கு ஒரு சொல்: உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். வேலை முடிந்ததும், அனுமதித்த பிளான்படியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுங்கள். எங்கள் ஆட்கள் அதை விட்டுவிடுவார்கள். பிறகு வீட்டை விற்கும்போதோ வங்கிக்குப் போகும்போதோதான் அதன் அருமை தெரியும்.

இனித் தோண்டும் வேலை. வேறு இடத்துக்காரருக்கு ஜேசிபி பிடித்தால் முடிந்தது. எங்களுக்கு அப்படியில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காணிகளில் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பதிவு இருக்கும். உங்கள் காணிக்கு அது இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இருந்தாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள்: துப்புரவு செய்பவர்கள் குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைக்கும்தான் தேடுவார்கள், நீங்கள் தோண்டப்போவது ஆறடி. வெடிக்காத ஷெல் அதற்குக் கீழே கிடக்கலாம். மண்ணில் துருப்பிடித்த இரும்பு எது தட்டுப்பட்டாலும் இயந்திரத்தை நிற்பாட்டி, ஆட்களை விலக்கி, 119க்கு அறிவிக்க வேண்டும். கையால் எடுத்து வேலியோரம் வைக்கும் வேலை வேண்டாம். இதை ஜேசிபி ஓட்டுநருக்கு வேலை தொடங்க முதல் நீங்களே சொல்லுங்கள். கனடாவிலிருந்து போனில் என்றாலும் பரவாயில்லை.

பங்கர் இன்னொன்று. போர்க்காலத்தில் வளவுக்கு ஒன்று இரண்டு பங்கர் இருந்தது. பிறகு கிடைத்த மண்ணைப் போட்டு மூடினோம், மேலே வாழை வைத்தோம். அந்த மண் இன்னும் இறுகியிருக்காது. தடாகத்தின் ஒரு மூலை பழைய பங்கருக்கு மேல், மற்ற மூலை அசையாத கிறவலுக்கு மேல் இருந்தால் 45 தொன் தண்ணீர் ஏறியதும் ஒரு பக்கம் இறங்கும், தரை வெடிக்கும். மூடிய கிணறும் அப்படியே. அம்மாவிடமோ அயலில் உள்ள பெரியவர்களிடமோ பங்கர் எங்கே வெட்டியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணில் கட்ட நினைப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. அது கோடையில் பிளந்து மாரியில் பருக்கும். அங்கே மண் பரிசோதனை இல்லாமல் சீமெந்து கலக்கவே கூடாது.

தோண்டிய மண்ணை வெளியே ஏற்ற வேண்டாம். மண் ஏற்றிச் செல்லப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் டிப்பரைப் பொலிஸ் மறிக்கும். வளவைச் சுற்றி உயர்த்த அந்த மண் தேவைப்படும். மாரி வெள்ளம் தடாகத்துக்குள் ஓடாமல் விளிம்பு சுற்று நிலத்தைவிட அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் எங்கெங்கே ஏறியது என்று அயலவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே போங்கள்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கார்த்திகை, மார்கழியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது? பல இடங்களில் கையால் அள்ளலாம். அந்த நேரத்தில் தடாகம் வெறுமையாகக் கிடந்தால் நிலத்தடி நீர் அதைத் தோணிபோலத் தூக்கும். கணக்குப் பாருங்கள். உங்கள் அளவில் எட்டு அங்குலக் கொங்கிறீற் சுவரும் தரையும் சேர்ந்து ஏறத்தாழ 34 தொன். நிலத்தடி நீர் விளிம்பு வரை வந்தால் மேல்நோக்கித் தள்ளும் விசை 59 தொன். தடாகம் தோற்றுவிடும். தரை வெடிக்கும், குழாய் முறியும், சில வேளை முழுத் தொட்டியுமே ஒரு பக்கம் மேலெழும்பி நிற்கும். அதனால் மூன்று வேலை செய்ய வேண்டும். தரைக்குக் கீழே அரையடிக்குக் குறையாமல் சல்லிக் கல் படுக்கை. அந்தப் படுக்கையிலிருந்து மேலே வரும் ஒரு பிவிசி குழாய், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கவும் தேவையானால் பம்ப் வைத்து இறைக்கவும். தரையின் ஆழமான இடத்தில் நிலத்தடி அமுக்கத்தை உள்ளே விடும் வால்வு. இவை மூன்றும் வரைபடத்தில் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தகாரர் ஈரநிலத்தில் தடாகம் கட்டியவர் அல்ல.

எப்படியென்றாலும் மாரியில் தடாகத்தை இறைத்து வெறுமையாக்கக் கூடாது. வீட்டைப் பார்ப்பவர் நல்லெண்ணத்தில், தண்ணீர் பச்சையாகிவிட்டதே, ஐயா வருவதற்குள் கழுவி வைப்போம் என்று இறைத்து விடுவார். அதற்கு இடம் கொடாதீர்கள்.

ஆனால் நிரப்பி அப்படியே விட்டால் நுளம்பு. டெங்குவைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பொறுப்பு காணிச் சொந்தக்காரருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்க்கலாம், வழக்கும் போடலாம். நீங்கள் டொரன்டோவில் இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகப்போவது வீட்டைப் பார்க்கும் மாமாதான். இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஆண்டு முழுக்க பம்பும் குளோரினும் ஓட்டுவது. ஒரு குதிரைவலு மோட்டர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட், மாதம் 180 யூனிட். மின்சார சபைக் கட்டணத்தில் அது எந்தப் படியில் போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது, நீங்கள் போகும்போது குளோரின் போடுவதை நிற்பாட்டி, சில நாள் வெயில் பட்ட பிறகு, நுளம்புப் புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுவது. தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் புழு இராது. நான் இரண்டாவதைச் சொல்வேன். மீனோடு உள்ள தண்ணீரை மட்டும் வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம். கப்பி எங்கள் குளத்து மீன் அல்ல.

தார்ப்பாய் போட்டு மூடலாமே என்பார்கள். தார்ப்பாயின் மேல் மழைநீர் தேங்கி அங்கேயும் நுளம்பு வரும். அதைவிட ஆபத்து, நிலமென்று நினைத்துக் கால் வைக்கும் பிள்ளை. மூடுவதென்றால் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும், துவாரம் உள்ள மூடிதான்.

வேலிக்கு வருகிறேன். டொரன்டோவில் தடாக வேலிக்கே நகரசபையின் தனி அனுமதி வேண்டும் என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கும். பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் தடாகங்களுக்கு வேலி, எச்சரிக்கைக் கருவி, மூடி, மேற்கூடாரம் இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்கிறது. நான் பின்பற்றச் சொல்வது அவுஸ்திரேலிய நியமத்தை, அது கறாரானது. வேலி உயரம் 1.2 மீற்றருக்குக் குறையாது. செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லை. கால் வைத்து ஏறக் குறுக்குச் சட்டம் இல்லை. கேற் தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, கையை விட்டதும் தானே சாத்தி, தானே கொளுவிக்கொள்ள வேண்டும். கொளுக்கி 1.5 மீற்றர் உயரத்தில். வேலியை ஒட்டிக் கதிரை, பூச்சாடி, பம்ப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது.

"எங்களுக்குச் சுற்றிவர மதில் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். மதில் தெருப் பிள்ளையைத்தான் மறிக்கும். குசினிக் கதவால் வெளியே வரும் மூன்று வயதுக் குழந்தையை மறிக்காது. வேலி தடாகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு பக்கமும் இருக்க வேண்டும். முள்ளுக்கம்பியும் கிடுகும் இதில் வேலி ஆகா. தகரம் அடைத்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது, அதுவும் வேண்டாம். பதினொரு மாதமும் கேற்றுக்கு ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பை ஒரே ஓர் ஆளிடம் மட்டும் கொடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் தண்ணீர் கிடக்கிறது என்று தெரிந்தால் அயல் பெடியள் மதிலால் குதிப்பார்கள். குளத்தில் நீந்திப் பழகிய பிள்ளைகள்தான், ஆனால் பச்சைத் தண்ணீரில் அடி தெரியாது, தலைகீழாகப் பாய்ந்தால் நாலரை அடியில் கழுத்து முறியும். விளிம்பில் ஆழத்தை எழுதி, பாய வேண்டாம் என்றும் தமிழில் எழுதிவிடுங்கள்.

கட்டாக்காலி மாடுகளை மறந்துவிடக் கூடாது. ஆடி, ஆவணியில் எங்கும் தண்ணீர் வற்றியிருக்கும்போது எருமை தண்ணீர் மணம் பிடித்து வரும். விழுந்தால் ஏற முடியாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமென்றால் யானையும் வரும். யானைக்கு 1.2 மீற்றர் வேலி ஒரு பொருட்டல்ல. அந்தப் பகுதிகளில் காட்டோர வளவில் திறந்த தடாகம் கட்டுவதையே நான் தடுப்பேன்.

தரை வடிகாலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2002இல் அமெரிக்காவில், முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி கிரேம் பேக்கர், தொட்டியொன்றின் வடிகால் உறிஞ்சியதில் மேலே வர முடியாமல் இறந்தார். அவர் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. பம்ப் ஒரே ஒரு வடிகாலால் இழுத்தால் பிள்ளையின் உடம்போ தலைமயிரோ அதை அடைத்ததும் முழு உறிஞ்சலும் அங்கேயே விழும். இரண்டு வடிகால், ஒன்றுக்கொன்று மூன்றடிக்குக் குறையாத தூரத்தில், ஒரே குழாயில் இணைத்து, குவிந்த மூடியோடு போடச் சொல்லுங்கள். மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை யாரும் இறங்கக் கூடாது.

மின்சாரம்: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பம்புக்கும் விளக்குக்கும் தனியாக வேண்டும், வீட்டுக்குப் பொதுவாக இருப்பது போதாது. தண்ணீருக்குள் விளக்கு என்றால் 12 வோல்ற் மட்டும், அதன் மின்மாற்றி தடாகத்திலிருந்து தள்ளி. விளிம்பிலிருந்து இரண்டு மீற்றருக்குள் பிளக் பொயின்ற் இருக்கவே கூடாது. ஏணி, கைபிடி, கொங்கிறீற் கம்பி, பம்பின் உடல் எல்லாவற்றையும் செப்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்து நிலத்தொடுப்பு (எர்த்) கொடுக்க வேண்டும், இதைக் கொங்கிறீற் போட முதலே செய்தாக வேண்டும். எர்த் கம்பியை மாரியில் அளந்தால் நல்ல பெறுமானம் காட்டும். ஆவணியில் மண் காய்ந்ததும் தடை ஏறிவிடும். நீங்கள் குளிக்கப்போவது ஆவணியில், அப்போது அளக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர். உங்கள் அளவுக்கு ஏறத்தாழ 45,000 லீற்றர். நிரப்பியபின் ஆவியாவது கோடையில் நாளுக்கு 150 லீற்றருக்கு மேல், சோளகம் வீசும் நாட்களில் இன்னும் கூட. நிரப்புவதற்குக் குழாய்த் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம், அது சனம் குடிக்கக் கொண்டுவந்தது. கிணற்றால் இறைப்பதென்றால் மழை தொடங்கிய பிறகு, கிணறு ஊறும் வேகத்துக்குத் தகுந்தபடி சில நாளாக இறையுங்கள். புரட்டாதியில் இறைத்தால் அயலவரின் கிணறும் சேர்ந்து இறங்கும், பிறகு ஊருக்குள் முகம் கொடுக்க முடியாது. இரும்புத் தன்மையுள்ள தண்ணீரில் குளோரின் விழுந்ததும் தேயிலைச் சாய நிறமாகும். முதலே ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள்.

குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை. வேறு வேறு வகைக் குளோரினை ஒன்றாகக் கலக்கவோ, அமிலத்தோடு ஒரே அறையில் வைக்கவோ வேண்டாம், நச்சு வாயு வரும். எப்போதும் தண்ணீருக்குள் மருந்தைப் போடுவது, மருந்துக்குள் தண்ணீரை ஊற்றுவதல்ல. வடிகட்டியைக் கழுவும் தண்ணீரைத் தனியான ஊறுகுழிக்கு விடுங்கள், அது கிணற்றிலிருந்து 15 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும்.

ஒருவர் மூழ்கிவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமத்துவது இவை எதுவும் வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் வாயால் மூச்சுக் கொடுத்து, பிறகு மார்பில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு என்று தொடர வேண்டும். வீட்டைப் பார்க்கும் மாமாவுக்கும் மாமிக்கும் இதை ஒருவரைக் கொண்டு பழக்கிவிடுங்கள். நீளமான தடியொன்றும் காற்றடித்த டியூப் ஒன்றும் வேலியில் கொழுவிக் கிடக்கட்டும்.

கடைசிக் கேள்வி, அடுத்த ஆவணிக்கு முடியுமா என்பது. காணிப் பத்திரமும் பிளானும் இந்த மாரிக்குள் சரியானால் பங்குனியில் பங்கர் இடம் பார்த்துக் குறித்து, வைகாசி, ஆனியில் நிலத்தடி நீர் இறங்கியபின் தோண்டி, ஆடியில் கொங்கிறீற் போடலாம். அதை ஈரச்சாக்குப் போட்டு நனைத்து இறுக விட வேண்டும். பிறகு ஐப்பசி மழையோடு சேர்த்து நிரப்பி, கசிவு பார்க்க வேண்டும். ஆகவே அடுத்த ஆவணியில் நீங்கள் வரும்போது காயும் கொங்கிறீற்றைத்தான் பார்ப்பீர்கள். பிள்ளைகள் இறங்குவது அதற்கடுத்த ஆவணியில். ஒப்பந்தகாரர் மூன்று மாதத்தில் தருகிறேன் என்றால், அந்தச் சல்லிப் படுக்கையும் வால்வும் வரைபடத்தில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.